பேஸ் கிட்டாருக்குக் கம்ப்ரசர்: கடைசி வரிசையில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டவை

திருவிழா மேடையில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்கள் இந்த இரண்டு புகாரையும் ஒரே ராத்திரியில் கேட்டிருப்பார்கள். பக்கத்தில் நிற்கிற கீபோர்டு அண்ணன், "பேஸ் ரொம்ப இடிக்குதுப்பா, கொஞ்சம் கொறை" என்பார். கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்ட நண்பன் வந்து, "நீ வாசிச்சியா இன்னா? ஒண்ணுமே கேக்கல" என்பான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. வேலூர், குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை என்று இந்தப் பக்கத்து ஆர்கெஸ்ட்ராக்களிலும் சர்ச்சுகளிலும் வருஷக்கணக்காக வாசித்து வருகிறேன். இந்த இரண்டு புகாரும் ஒரே காரணத்திலிருந்துதான் கிளம்புகின்றன என்று புரிந்த பிறகுதான் கம்ப்ரசர் என்ன வேலைக்கு இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

காரணம் இதுதான். விரல் ஸ்ட்ரிங்கை இழுத்து விடுகிற கணத்தில் ஒலி சட்டென்று எகிறும், அடுத்த நொடியே இறங்கி, பிறகு மெல்ல நீளும். கையைப் பொறுத்து அந்த முதல் அடி, பின்னால் நீள்கிற ஒலியை விடப் பத்து டெசிபல் கூட மேலே போகும். மிக்சரில் சிவப்பு விளக்கு எரிவது அந்த அடிக்குத்தான். சிவப்பைப் பார்த்ததும் மைக்செட்காரர் ஃபேடரை, அதாவது சத்தத்தை ஏற்றி இறக்குகிற தள்ளு பொத்தானை, இறக்குவார். ஆம்பும் பாக்ஸும் அவர் சொத்து, இறக்கத்தான் செய்வார். அடிக்காக இறக்கிய ஃபேடரில் நீள்கிற ஒலியும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. மேடையில் நிற்பவர் காதில் அடி மட்டும் விழுகிறது. தூரத்தில் இருப்பவருக்குப் பாட்டைத் தாங்க வேண்டிய நீளமான ஒலி போய்ச் சேருவதே இல்லை.

கம்ப்ரசர், வேகமான கையுள்ள ஒருவர் ஃபேடரில் விரலை வைத்துக் காத்திருப்பது போல. அடி எகிறும்போது இறக்கி, அடி ஓய்ந்ததும் ஏற்றிவிடுவார். அடியின் தலையில் 3 டெசிபல் குறைந்தால், மொத்தத்தையும் 3 டெசிபல் ஏற்றிக்கொள்ளலாம், சிவப்பு எரியாது. 3 டெசிபல் என்பது ஆம்பின் பவரை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். ஆயிரம் வாட்ஸ் செட் வைத்திருக்கிற சின்ன ஊர்த் திருவிழாவில், பேஸின் நீளமான பகுதிக்கு மட்டும் இரண்டாயிரம் வாட்ஸ் கிடைத்த மாதிரி ஆகிறது. செலவு ஒரு பெடல்தான்.

குமிழ்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். த்ரெஷோல்டு என்பது எந்த அளவுக்கு மேல் போனால் கம்ப்ரசர் கை வைக்க வேண்டும் என்கிற கோடு. ரேஷியோ என்பது கோட்டைத் தாண்டியதில் எவ்வளவை விடுவது என்பது. 4:1 என்று வைத்தால், கோட்டுக்கு மேல் 12 டெசிபல் எகிறிய அடி 3 டெசிபலாக வெளியே வரும், 9 டெசிபல் குறைந்திருக்கும். அந்தக் குறைவைத்தான் கெயின் ரிடக்ஷன் மீட்டர் காட்டுகிறது. கம்ப்ரசரில் நான் கண்ணை வைப்பது அந்த மீட்டர் ஒன்றின் மேல்தான். சாதாரணமாக வாசிக்கும்போது 3 முதல் 5 வரை, ஆவேசமாக அடிக்கிற இடத்தில் 7 அல்லது 8 வரை, மெதுவான இடத்தில் முழுசாகப் பூஜ்ஜியத்துக்குத் திரும்ப வேண்டும். மெதுவாக வாசிக்கும்போதும் மீட்டர் பூஜ்ஜியத்துக்கு வராமல் தொங்கிக்கொண்டே இருந்தால் த்ரெஷோல்டு ரொம்பக் கீழே கிடக்கிறது என்று அர்த்தம். அப்போது கம்ப்ரசர் அடியைச் சமன் செய்யவில்லை, மொத்த ஒலியையும் சும்மா குறைத்துவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த அளவுகளை வீட்டில் தனியாக உட்கார்ந்து வைத்துக்கொண்டு போனால் மேடையில் பலிக்காது. தனியாகக் கேட்கும்போது நிறையக் கம்ப்ரஷன் போட்ட பேஸ் வழவழப்பாக, கேசட்டில் கேட்பது போல இருக்கும். டிரம் பேடும் தவிலும் கீபோர்டும் சேர்ந்ததும் அதே பேஸ் ஆளையே காணோம் என்று ஆகிவிடும். பேண்டுக்குள் பேஸைக் காட்டிக் கொடுப்பது அந்த முதல் அடியின் கூர். அதைத் தனிமையில் காது பெரிதாக மதிப்பதில்லை.

இதற்கு நான் செய்கிற வழி ஒன்று இருக்கிறது, என்னிடம் பேஸ் கற்றுக்கொள்ள வருகிற பசங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதும் அதைத்தான். கிட்டாரிலிருந்து வருகிற ஒயரை முதலில் லூப்பருக்கு, அதாவது வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கிற பெடலுக்குக் கொடுங்கள், லூப்பருக்கு அடுத்து கம்ப்ரசர், அங்கிருந்து கிட்டார் ஒலியை மிக்சருக்கு அனுப்புகிற டிஐ பாக்ஸ். லூப்பர் முதலில் இருப்பதால், அதில் பதிகிறது கம்ப்ரசர் தொடாத உங்கள் கை. நாலு பார் (தாளச் சுற்று) வாசித்துப் பதிந்துவிட்டால் அது தானே சுற்றும், நீங்கள் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி நடக்கலாம்.

பள்ளிகொண்டா பக்கம் ஒரு ஊரில் ஆடி மாசம் கூழ் வார்க்கிற திருவிழா. சாயங்காலம் சவுண்ட் செக்கில் இதைத்தான் செய்தேன். முதல் இரண்டு பார் ஏ ஸ்ட்ரிங்கில் மென்மையாக, மூன்றாவதில் ஓபன் ஈ ஸ்ட்ரிங்கை முழு பலத்தில், நாலாவதில் ஜி ஸ்ட்ரிங்கில் மேலே ஏறுகிற ஒரு ஓட்டம். மொத்தக் கச்சேரியில் என் கை போகிற மேல் எல்லையும் கீழ் எல்லையும் அந்த நாலு பாரில் வந்துவிடும். பேடும் கீபோர்டும் அதன் மேல் சேர்ந்துகொள்ள, நான் மைதானத்தின் கடைசிக்கு நடந்தேன். மைக்செட் அண்ணன் என்னைப் பார்த்துத் திகைத்துப்போய், "இன்னா தம்பி, நீ இங்க நிக்கற, பேஸ் அங்க கேக்குது?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் என்னோடு வந்து நின்றுவிட்டார். மேடையில் இருந்த தம்பி ஒருவன் குமிழைத் திருப்ப, நான் போனில் சொல்லச் சொல்ல மாற்றினான்.

ரேஷியோவை 4-லிருந்து 8-க்கு ஏற்றியபோது அவ்வளவு தூரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அட்டாக்கை, அதாவது கம்ப்ரசர் எவ்வளவு சீக்கிரம் அழுத்துகிறது என்கிற குமிழைத் தொட்டதும்தான் எல்லாம் மாறியது. அட்டாக் 5 மில்லிசெகண்டில் இருந்தபோது பேஸ் ஒரு முனகலாக, மேடைக்குப் பின்னால் ஓடிய ஜெனரேட்டர் சத்தத்தோடு கரைந்துபோனது. எந்த நோட் எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. 30 மில்லிசெகண்டுக்கு ஏற்றச் சொன்னேன். ஒவ்வொரு நோட்டுக்கும் முகம் வந்தது. மைக்செட் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் தலையை மட்டும் ஆட்டினார். 60-க்கு ஏற்றியபோது கூர் இன்னும் அதிகமாகி, மேடையில் இருந்த தம்பி "அண்ணே, ரெட்டு எரியுது" என்றான். 30-க்கும் 40-க்கும் நடுவில் நிறுத்தினோம். அன்றிலிருந்து திறந்த மைதானம் என்றால் அதுதான் என் தொடக்க அளவு.

அட்டாக் என்பது கோட்டைத் தாண்டிய பிறகு கம்ப்ரசர் முழுசாக அழுத்த எடுத்துக்கொள்கிற நேரம். அந்த நேரத்துக்குள் விரல் அடியின் கூர் வெளியே போய்விடும், அதன் பிறகுதான் அழுத்தம் விழும். குத்துப் பாட்டுக்கு அந்தக் கூர் அவசியம், பேடில் விழுகிற கிக்கோடு பேஸின் கூரும் சேர்ந்து விழுந்தால்தான் ஜனங்களின் கால் ஆடும். மெலடியில், கல்யாண ரிசப்ஷனில் ஜனங்கள் சாப்பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கிற நேரத்தில், 10 மில்லிசெகண்ட் அட்டாக் வைத்தால் பேஸ் பாடகரின் குரலுக்குக் கீழே மெத்தென்று இருக்கும்.

ரிலீஸ் என்பது அடி ஓய்ந்த பிறகு கம்ப்ரசர் அழுத்திய கையை எடுக்க எடுத்துக்கொள்கிற நேரம், அதற்குக் கணக்கு போட்டே தீர வேண்டும். ஈ ஸ்ட்ரிங்கின் அதிர்வு நொடிக்கு 41 சொச்சம், அதாவது ஒரு அலை முடிய சுமார் 24 மில்லிசெகண்ட். ரிலீஸை 20, 30 என்று வைத்தால் கம்ப்ரசர் ஒவ்வொரு அலைக்குள்ளேயும் ஏறி இறங்கத் தொடங்கும். பேஸ் கரகரவென்று உடையும், பாக்ஸ் கிழிந்துவிட்டதோ என்று மைக்செட்காரர் பயப்படுவார். ஐந்து ஸ்ட்ரிங் பேஸில் பி ஸ்ட்ரிங்கின் ஒரு அலை 32 மில்லிசெகண்ட், அங்கே இன்னும் கவனம் தேவை. மறுபக்கம், ரிலீஸ் ரொம்ப நீண்டுவிட்டால் முதல் நோட்டுக்காக அழுத்திய கை அடுத்த நோட் வரும்போதும் எடுக்கப்பட்டிருக்காது, இரண்டாவது நோட் செத்து வரும். நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் அரை பீட் என்பது 250 மில்லிசெகண்ட், அங்கே 150 வைத்தால் தாராளம். நம் குத்துப் பாட்டு 6/8-ல் 130 வேகத்தில் ஓடும்போது, ஒரு பீட்டுக்குள் விழுகிற மூன்று சிறு அடிகளுக்கு நடுவே சுமார் 154 மில்லிசெகண்டுதான் இருக்கும். அங்கே நான் 100-க்கு இறக்கிவிடுவேன். மீட்டரைப் பார்த்தால் போதும், அடுத்த நோட் விழுவதற்குச் சற்று முன்னால் அது பூஜ்ஜியத்தை எட்டிப் பார்க்க வேண்டும்.

ராஜா சார் பாட்டு வாசிக்கும்போது கம்ப்ரஷனைக் குறைத்துவிடுவேன், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அந்தப் பாட்டுகளில் பேஸ் ஒரு தனிக் குரல். சசிதரன் அவர்கள் வாசித்த வரிகளை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். முழுசாக ஒலிக்கிற நோட்டுக்கு நடுவே, தொட்டும் தொடாமலும் விழுகிற நோட்டுகளும் ஸ்லைடுகளும் இருக்கும். 8:1 போட்டு நசுக்கினால் அந்த மறைவான நோட்டுகள் பிரதான நோட்டோடு சரிசமமாக வந்து நிற்கும், வரியின் ஏற்ற இறக்கமே போய்விடும். 2:1 அல்லது 3:1, மீட்டரில் 2, 3 டெசிபலுக்கு மேல் போகாமல். மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளட்டும்.

கையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கம்ப்ரசர் போட்டுக்கொண்டே வீட்டில் பழகுகிற பையன்களிடம் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறேன். ஆள்காட்டி விரல் அடி ஒரு மாதிரி, நடுவிரல் அடி ஒரு மாதிரி இருக்கும், அது அவர்களுக்கே தெரியாது. கம்ப்ரசர் அதை மறைத்துவிடுகிறது. பயிற்சிக்குக் கம்ப்ரசர் வேண்டாம், ஆஃப் செய்துவிட்டு மெட்ரோனோம் வைத்துக்கொண்டு இரண்டு விரலையும் ஒரே எடையில் விழச் செய்யுங்கள். அதே மாதிரி, ஈ ஸ்ட்ரிங் மட்டும் இடிக்கிறது, ஜி ஸ்ட்ரிங் மெலிந்து கேட்கிறது என்றால் முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஸ்ட்ரிங்குக்குக் கீழே ஒலியைப் பிடிக்கிற பிக்கப்பின் உயரத்தைப் பாருங்கள். ஈ பக்கம் அரைச் சுற்று இறக்கி, ஜி பக்கம் அரைச் சுற்று ஏற்றினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அமெரிக்காவின் மோட்டவுன் கம்பெனிப் பாட்டுகளின் பேஸ் வாசிப்பாளர் ஜேம்ஸ் ஜேமர்சன், மேற்பரப்பு வழவழப்பான ஃப்ளாட்வௌண்ட் ஸ்ட்ரிங் போட்டு, ஒரே ஆள்காட்டி விரலால் வாசித்தவர். அந்த ஸ்ட்ரிங்கில் அடியின் கூரே மட்டுப்பட்டுத்தான் வரும், கம்ப்ரசருக்குப் போவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

வேலூர் வெயில் இதில் எங்கே வருகிறது என்று கேட்கலாம். சித்திரை, வைகாசியில் ராத்திரி எட்டு மணிக்கும் மேடை அனலாக இருக்கும். விரல் வியர்த்து வழுக்கும், வழுக்குவதை ஈடுகட்டக் கை தன்னையறியாமல் பலமாக அடிக்கும். சவுண்ட் செக்கில் 4 காட்டிய மீட்டர் இரண்டாவது மணி நேரத்தில் 9 காட்டும். பேஸ் ஏன் திடீரென்று மூச்சடைத்த மாதிரி இருக்கிறது என்று தோன்றினால் மீட்டரைப் பாருங்கள். த்ரெஷோல்டைச் சற்று உயர்த்தலாம், அல்லது கிட்டாரிலேயே வால்யூமைக் கொஞ்சம் இறக்கலாம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன், பாட்டுக்கு நடுவில் குனிய வேண்டியதில்லை. ஸ்ட்ரிங்கைத் துடைக்க ஒரு பருத்தித் துணி ஆம்ப் மேல் எப்போதும் இருக்கும்.

பத்து மணி நெருங்கும்போது போலீஸ்காரர் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்வார். மொத்த வால்யூம் இறங்கியதும் முதலில் காணாமல் போவது பேஸ்தான். சத்தம் குறையக் குறைய நம் காது கீழ் ஸ்தாயியை மற்றவற்றை விட அதிகமாக இழக்கிறது, 1933-ல் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டினார்கள். அந்த நேரத்தில் ஃபேடரை ஏற்றச் சொல்லிக் கெஞ்சுவதில் பலனில்லை. ரேஷியோவை ஒரு படி ஏற்றி, கம்ப்ரசரின் மேக்கப் கெயினை, அதாவது அழுத்திய பிறகு மொத்த ஒலியையும் ஏற்றுகிற குமிழை, 2 டெசிபல் கூட்டினால் நீள்கிற ஒலி மேலே வரும், சிவப்பும் எரியாது.

ஆனால் மேக்கப் கெயினுக்கு ஒரு விலை உண்டு. அது ஒலியோடு சேர்த்து இரைச்சலையும் ஏற்றிவிடும். கோயில் முகப்பிலிருந்து மேடை வரைக்கும் சீரியல் செட் ஓடும், ஜெனரேட்டரில் எர்த்து சரியாக இருக்காது, சிங்கிள் காயில் பிக்கப்பில் "ஙொய்" என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் எப்போதும் இருக்கும். வாசிக்கும்போது அது தெரியாது. பாட்டு முடிந்து பாடகர் பேசத் தொடங்கியதும் கம்ப்ரசர் கையை எடுத்துவிட, முனகல் மெல்ல மேலேறி வந்து நிற்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கிட்டார் வால்யூமைப் பூஜ்ஜியமாக்கும் பழக்கம் இதற்காகவே வேண்டும். டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள். மின்சார பிளக்கில் எர்த்து முள்ளை உடைத்துவிட்டு முனகலை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது உயிருக்கு ஆபத்து, யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இப்போது நிறைய மைக்செட்காரர்களிடம் டிஜிட்டல் மிக்சர் வந்துவிட்டது. அதில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு கம்ப்ரசர் உள்ளேயே இருக்கிறது. நீங்கள் ஒரு பக்கம் 6 டெசிபல் அழுத்த, அவர் இன்னொரு பக்கம் 6 டெசிபல் அழுத்தினால், பேஸ் தட்டையாகிவிடும். இதற்குத் தீர்வு பேசுவதுதான். "அண்ணே, நான் இங்க லைட்டா ஒண்ணு போட்டிருக்கேன், நீங்க போட்டா லிமிட்டர் மட்டும் வைங்க" என்று சவுண்ட் செக்கிலேயே சொல்லிவிட வேண்டும். லிமிட்டர் என்பது 10:1-க்கு மேல் ரேஷியோ வைத்த கம்ப்ரசர்தான், ஸ்லாப் (கட்டை விரலால் ஸ்ட்ரிங்கைத் தட்டி வாசிப்பது) அடிக்கும்போது எகிறுகிற அடியிலிருந்து அவர் பாக்ஸைக் காப்பாற்றும். அவர் ஆளுமையை மதித்துக் கேட்டால் நிச்சயம் செய்வார், இது வரை யாரும் முடியாது என்று சொன்னதில்லை.

சர்ச்சில் கதை வேறு. பழைய ஆலயங்களில் கனத்த சுவர், உயர்ந்த கூரை, தரையெல்லாம் கல். அந்தக் கட்டடமே பேஸ் நோட்டை நீட்டிக்கொண்டு போகும். அங்கே கம்ப்ரசரும் நீட்டினால் ஒரு நோட் முடியாமலே அடுத்தது வந்து விழுந்து எல்லாம் ஒரே குழம்பலாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெரும்பாலும் 2:1 போதும், அதை விட இடது கையால் நோட்டைச் சரியான நேரத்தில் அமுக்கி நிறுத்துவது முக்கியம். டிசம்பரில் டெம்போ வண்டியில் ஏறிக் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது நேர் எதிர். திறந்த தெரு, சின்ன பாக்ஸ், வண்டி சத்தம். அங்கே 6:1 கூடத் தயங்காமல் வைக்கலாம்.

சவுண்ட் செக்குக்கு வைத்த லூப்பரைத் தவிர்த்துப் பார்த்தால், பெடல் வரிசையில் கம்ப்ரசர் பொதுவாக முதலில். ஆட்டோ வா மாதிரி கையின் பலத்தைப் பார்த்துத் திறக்கிற எஃபெக்ட் இருந்தால் அதை மட்டும் கம்ப்ரசருக்கு முன்னால் வையுங்கள், இல்லாவிட்டால் அது சரியாகத் திறக்காது. ஒரு ஸ்தாயி தள்ளி அதே நோட்டைச் சேர்க்கிற ஆக்டேவ் பெடல் கம்ப்ரசருக்குப் பின்னால் இருந்தால் நோட்டைத் தடுமாறாமல் பிடிக்கும். ஈக்யூவில் (ஸ்தாயிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற கருவி) கீழ் ஸ்தாயியை ஏற்றிவிட்டு அதைக் கம்ப்ரசருக்குள் அனுப்பினால் ஈ ஸ்ட்ரிங் ஒவ்வொரு முறையும் கம்ப்ரசரைத் தட்டியெழுப்பி, மேல் ஸ்ட்ரிங்குகளையும் சேர்த்து அழுத்தும். ஏற்றுவதானால் கம்ப்ரசருக்குப் பிறகு ஏற்றுங்கள்.

எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: ஸ்டுடியோவில் பேஸுக்குப் பேர் போன கம்ப்ரசர்கள் மூன்று. விளக்கொளியை வைத்து அழுத்துகிற எல்ஏ-2ஏ, 1967-ல் பில் புட்னம் கொண்டுவந்த 1176, பிறகு 1970-களில் வந்த டிபிஎக்ஸ் 160. முதலாவது மெல்லப் பிடித்து மெல்ல விடும், நீளமான மெலடி பேஸுக்கு அழகு. இரண்டாவது மின்னல் வேகம். மூன்றாவது அடிக்கு முறுக்கேற்றும். இன்று வருகிற மல்டி எஃபெக்டுகளில் இப்படிப்பட்ட குணங்களைப் பின்பற்றிய மாடல்கள் உள்ளேயே இருக்கின்றன, ஆரம்பத்தில் அதுவே போதும், தனிப் பெடலுக்குப் பணம் போட அவசரமில்லை. தனிப் பெடல் வாங்கப் போனால் கெயின் ரிடக்ஷன் மீட்டர் இருக்கிறதா, அட்டாக்கும் ரிலீஸும் தனித்தனிக் குமிழாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சாதாரண கிட்டாருக்குச் செய்த இரண்டு குமிழ்ப் பெடலில் பேஸின் அடிப்பகுதி மெலிந்துபோவது உண்டு. பிளெண்ட் குமிழ் இருந்தால் கம்ப்ரசர் தொடாத ஒலியைப் பாதி கலந்து அதைச் சரிக்கட்டலாம். கடையில் சோதிக்கும்போது ஆன் செய்தாலும் ஆஃப் செய்தாலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி முதலில் லெவலை வைத்துவிட்டு, அதன் பிறகு ஒப்பிடுங்கள். சத்தம் கூடியது எதுவாக இருந்தாலும் காதுக்கு நன்றாகத்தான் தோன்றும். ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் ஓடுகிற சர்க்யூட் உள்ளது) என்றால் கையோடு ஒரு புது 9 வோல்ட் பேட்டரியும் எடுத்துப் போங்கள். பேட்டரி இறங்கிய பேஸ் உடைந்து ஒலிப்பதைக் கேட்டுவிட்டு, பெடல் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்து வந்தவர்கள் நம் வட்டாரத்திலேயே இருக்கிறார்கள்.